ஹட்டன் கடைவீதியில் பனிச்சறுக்குப் பலகை

பார்க்காத பொருளை, மிதிக்காத தரைக்காக, முகம் தெரியாத ஆளுக்கு விற்பதுதான் என் தொழில். போனில் சேலை விற்றவர்கள், வீட்டில் கேக் செய்து வாட்சப்பில் ஓடர் எடுத்தவர்கள், "படத்துல வேற கலரா தெரிஞ்சிச்சே" என்று திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பாட்டோடு கொஞ்சம் குளிரையும் சேர்த்துக்கொண்டால் என் பாடு.

கடை இருப்பது சுவிற்சர்லாந்தில். முதலாளி குணா அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் அங்கே போய், எதையெதையோ செய்து, கடைசியில் பனிச்சறுக்குப் பலகை விற்கும் கடை போட்டு நிமிர்ந்தவர். ஆட்கள் இணையத்தில் பலகையைப் பார்ப்பார்கள். எது தங்களுக்குப் பொருந்தும் என்று எழுதிக் கேட்பார்கள், அல்லது அழைப்பார்கள். அந்தக் கேள்வி மலை, கடல் எல்லாம் தாண்டி, ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு, அதாவது பாமசிக்கு, மேலே இருக்கும் எங்கள் அறைக்கு வந்து சேரும். நான் மாலினி, லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கூட இருப்பவள் ரேவதி, பொகவந்தலாவை. ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் சொல்வோம், தமிழில் கேட்டால் தமிழில் சொல்வோம்.

சேர்ந்த அன்றைக்கே குணா அண்ணன் நிபந்தனையைச் சொல்லிவிட்டார். பொருந்தாத பலகையை வாங்கினவர் திருப்பி அனுப்பிவிடுவார். அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். "இந்தக் குளிர்காலம் பாப்பம் பிள்ளையள். பலகை திரும்பி வாறது குறைஞ்சால் அறை இருக்கும். இல்லையெண்டால் பூட்டுறதுதான்." பூட்டினால் எங்களுக்கு மிச்சம் கொழும்புதான். புறக்கோட்டையில் புடவைக்கடை, நாள் முழுக்க நின்றபடி வேலை, படுக்க ஒரு பாய் அளவு இடம். ரேவதி அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவள். எனக்கோ கைப்பிள்ளை ஒன்று இருக்கிறது. அவளை விட்டுவிட்டுப் போக மனமில்லை. அதனால் போகிற ஒவ்வொரு பலகையையும் போன இடத்திலேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அனுப்பினோம்.

சின்ன பஸ்

முதல் கிழமை முழுக்கப் பாடம். குணா அண்ணன் வீடியோவில் வந்து சொல்லிக்கொடுத்தார். மரங்களுக்கு நடுவே, புதுப் பனிக்குள் புதைந்து போகிறவர்களுக்கு அகலமான பலகை. ஆனால் அவர் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு ரகம். பெரிய இயந்திரத்தை ஓட்டிப் பனியை வாரிச் சீவி வைத்திருப்பார்களாம். அந்தச் சரிவில் விடிந்ததும் போய், வேகமாக, நினைத்த இடத்தில் நினைத்தபடி திரும்பி இறங்க வேண்டும் என்பவர்கள். அவர்களுக்குப் பலகையின் இடுப்பு ஒடுங்கி இருக்க வேண்டும், எழுபது மில்லிமீற்றர் அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே. ஒடுங்கினால்தான் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டென்று சாயலாம். பலகை விறைப்பாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் நடுங்கும். இவ்வளவும் எங்களுக்கு ஏறிவிட்டது.

ஏறாதது வளைவின் கணக்கு. ஒவ்வொரு பலகையிலும் பதின்மூன்று மீற்றர், பதினேழு மீற்றர் என்று ஓர் எண் அச்சடித்திருக்கும். பலகையை விளிம்பில் சாய்த்தால் அது தன் பாட்டில் எவ்வளவு பெரிய வட்டத்தில் திரும்பும் என்பதுதான் அந்த எண். சிறிய எண் என்றால் குட்டி வளைவுகள், பெரிய எண் என்றால் நீள வளைவுகளும் கூடுதல் வேகமும். குணா அண்ணன் படம் கீறிக் காட்டினார். நான் தலையாட்டினேன், ஒன்றும் விளங்கவில்லை. ரேவதி பொகவந்தலாவை வளைவுகளில் தினமும் பஸ்ஸில் குலுங்கி வருகிறவள். மத்தியானம் தேத்தண்ணி குடிக்கும்போது, பஸ் ஏறுவது எப்படி என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "பதிமூணு மீட்டருன்னா நம்ம ரூட்டுல ஓடுற சின்ன பஸ்ஸுக்கா, ஒடிச்சா திரும்பிரும். பதினேழுன்னா கொழும்பு போற பெரிய பஸ்ஸு. எந்த ரோட்டுல போறீங்கன்னு கேட்டுட்டு பஸ்ஸ குடுத்தா முடிஞ்சிச்சு."

வளர்கிற பிள்ளை

தோட்டத்தில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கப் போனால் காலை அளந்து யாரும் வாங்குவதில்லை. ஓர் அளவு கூட்டி வாங்கி, முன்னால் கடதாசியைச் சுருட்டி அடைத்து, வருகிற வருடமும் போடட்டும் என்று விடுவதுதான் முறை. என் கால்விரல்கள் சப்பாத்தின் முனையைத் தொட்டது, அந்தச் சப்பாத்து தேய்ந்து தூக்கி எறியப்போகும் மாதத்தில்தான்.

சுவிஸில் இருக்கும் ஓர் அம்மா, அவரும் யாழ்ப்பாணம்தான், மகளுக்காக அழைத்தார். பிள்ளை பனிச்சறுக்குக் கழகத்தில் சேர்ந்து வேகமாக இறங்கப் பழகுகிறாளாம். பலகை, சப்பாத்து இரண்டும் வேண்டும். ரேவதி கேள்வியெல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டாள். அளவு சொல்லும்போது மட்டும் வாய் பழக்கத்தில் போய்விட்டது: "வளர்ற புள்ளதானேங்க, ஒரு சைஸ் கூட்டியே எடுத்துருங்க." அந்த அம்மா மறுபேச்சே பேசவில்லை, அவருக்கும் அதுவேதான் நியாயமாகப் பட்டிருக்கிறது.

பெட்டி குணா அண்ணன் கடைக்கே திரும்பி வந்தது. இந்த விளையாட்டில் சப்பாத்து காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். கால் உள்ளே ஆடினால், நாம் சாய்க்கிற சாய்வு விளிம்புக்குப் போய்ச் சேராது. பலகை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். குணா அண்ணன் ரேவதியைப் பிடித்துத் திட்டினார். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நானே அந்த அம்மாவை அழைத்தேன். அவர் கோபப்படவில்லை. "நீங்களும் நானும் ஒரே மாதிரித்தான் பிள்ளை யோசிச்சிருக்கிறம். பழக்கிற மாஸ்டர்தான் சப்பாத்துக்குள்ளை கையை விட்டுப் பாத்திட்டு, இதுக்குள்ளை இன்னொரு பிள்ளையும் நிக்கலாம் எண்டவர்."

நிறுவை

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், தராசு காட்டுவது ஒன்று, பேருக்கு நேரே எழுதுவது ஒன்று. சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். ரேவதியின் அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். அந்த வீட்டில் பிறந்தவளிடம் யாராவது ஓர் எடையைச் சொன்னால் அவள் நம்பவே மாட்டாள்.

எங்கள் தொழிலில் எடை சும்மா கேட்பதில்லை. பலகை எவ்வளவு விறைப்பாக இருக்கலாம் என்பது எடையைப் பொறுத்தது. சப்பாத்தைப் பலகையோடு பிடித்து வைக்கிற பூட்டும் எடையைப் பார்த்துத்தான் முடுக்கப்படும்; விழும்போது அது சரியான நேரத்தில் கழன்று விடாவிட்டால் முழங்கால் போய்விடும். இருந்தாலும் எடையை இரண்டாம் தடவை கேட்கக் கூடாது, வாடிக்கையாளர்கள் மனம் கோணும் என்பது குணா அண்ணனின் உத்தரவு. ரேவதி கேட்பாள். அவளால் கேட்காமல் இருக்க முடியாது. "உடுப்போடயா, உடுப்பில்லாமலா? எப்ப நிறுத்தது? வீட்டுத் தராசா, டாக்டர் தராசா?" என்று ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டு போவாள்.

ஒரு சுவிஸ் மனிதர் எழுபத்தெட்டு கிலோ என்றார். இரண்டாவது கேள்வியில் எண்பதானார். மூன்றாவது கேள்விக்குப் பிறகு எழுந்து போய் நிறுத்துவிட்டே வந்து எண்பத்தாறு என்றார். நான் பயந்தபடி இருந்தேன், அவரோ சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார்: "என் மனைவி உங்கள் அறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளா?"

எல்லாவற்றுக்கும் ஒன்று

எந்தத் தொழிலிலும் இந்த ஆள் வருவார். சீவிய சரிவிலும் போக வேண்டும், காட்டுக்குள்ளும் போக வேண்டும், வேகமாகவும் இருக்க வேண்டும், மனைவியும் சில நாள் போடுவார், அதற்கெல்லாம் ஒரே பலகை வேண்டும் என்பார். அப்படிப் பலகை இருக்கிறது, விற்கவும் செய்கிறோம். ஆனால் வேகமும் துல்லியமும்தான் முதலில் என்று அவரே சொல்லியிருந்தபடியால், அதை வாங்கினால் திருப்தி வராது, திருப்பித்தான் அனுப்புவார் என்று எங்களுக்குத் தெரியும். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ரேவதி போனை வாங்கினாள். அவர் தமிழர் என்பதால் நேராகவே சொல்லிவிட்டாள்: "எல்லா நோவுக்கும் கேக்கும்னு ஒரு மாத்திர எங்க கீழ் மாடி பாமசியிலயும் இருக்குங்க. எந்த டாக்டரும் அத எழுதிக் குடுத்து நான் பாத்ததில்ல."

ஏறி இறங்குவது

கையில் தொட்டே பார்க்காமல் எப்படி விற்பது என்று நான் ஓயாமல் கேட்டதில், குணா அண்ணன் விற்காமல் கிடந்த ஒரு சோடிப் பலகையை ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பினார். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து, மழையில் நனைந்து, எங்கள் மாடிப்படியில் இரண்டு தடவை சுவரை இடித்து உள்ளே வந்தது. ரேவதி விளிம்பை ஒரு தடவை தடவினாள், விரல் கிழிந்துவிட்டது. விளிம்பு உருக்கு, அதைக் கூராக வைத்திருந்தால்தான் காலையில் இறுகிக் கிடக்கும் பனியைப் பிடிக்கும் என்று அத்தனை பேருக்கு எழுதியிருக்கிறோம். அது உண்மைதான் என்று அன்றைக்குத்தான் நம்பினோம்.

பிளாஸ்டர் கொண்டு வந்தவர் பண்டார மாத்தயா, நாம் ஐயா என்கிற மாதிரித்தான் அந்த மாத்தயா. பாமசியும் அவருடையது, எங்கள் அறையும் அவருடையது. சிங்களவர், ஆனால் கடைவீதியில் வளர்ந்தபடியால் நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். பலகையைத் தூக்கிப் பார்த்தார், நடுவில் அழுத்திப் பார்த்தார், அது வளையவில்லை. எதற்கு என்று கேட்டார். மலை உச்சிக்குக் கம்பியில் தொங்குகிற வண்டியில் ஏறிப் போவார்கள், பிறகு இதைக் காலில் மாட்டிக்கொண்டு சறுக்கி வருவார்கள், மறுபடி ஏறுவார்கள், மறுபடி சறுக்குவார்கள், பின்னேரம் வரைக்கும் அதுதான் என்று விளக்கினேன். அவர் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். எங்கள் பக்கத்தில் மலை ஏறுகிறவர்கள் வேலைக்கு ஏறுவார்கள், அல்லது சாமிக்கு ஏறுவார்கள். "கீழ வரத்தானே போறது? அப்ப கீழயே இருந்தா என்ன?"

பிறந்த வருடம்

எழுபது வயது தாண்டிய ஒரு சுவிஸ் அம்மா எழுதினார். சீவிய சரிவுக்குப் பலகை வேண்டும் என்பதோடு பிறந்த வருடத்தையும் போட்டிருந்தார். நான் அந்த எண்ணைப் பார்த்ததும் மற்றது எதையும் கேட்கவில்லை. நீளம் குறைந்த, மெத்தென்று வளைகிற, மெதுவாகப் போகிற பலகை ஒன்றைக் காட்டி, கவனமாக இருங்கள் அம்மா என்றும் எழுதினேன். எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர் பஸ்ஸில் ஏறினாலே நான்கு பேர் எழுந்து இடம் கொடுப்போம். பதிலுக்கு அவர் ஒரு வீடியோ அனுப்பினார். செங்குத்துச் சரிவில் ஒரு நீல உடுப்பு, பனியில் இடுப்பு படுகிற அளவுக்குச் சாய்ந்து, அடுத்தடுத்து வளைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தை விட்டு வெளியே போய்விட்டது. போனவர் அவர்தான். கீழே எழுதியிருந்தார்: "மெதுவாகப் போனால்தான் எனக்குத் தடுமாறும், மகளே. பெரிய வளைவுப் பலகையைக் காட்டுங்கள்."

குணா அண்ணனின் சிநேகிதன்

குளிர்காலம் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. திரும்பி வந்த பலகைகள் குறைந்தனவா இல்லையா என்று குணா அண்ணன் சொல்லவில்லை; கேட்கிற தைரியம் எங்களுக்கும் இல்லை. ரேவதி கொழும்புப் புடவைக்கடைக்குப் போன் போட்டு, இடம் இருக்கிறதா என்று கேட்டு வைத்திருந்தாள். அப்படியொரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரே அழைத்தார். வழக்கமாக எங்களுக்கு அழைக்கிற எண்ணுக்கு இல்லை, வாடிக்கையாளர் எண்ணுக்கு.

"பிள்ளை, என்ர சிநேகிதன் ஒருத்தனுக்குப் பலகை வேணும். சீவின சரிவுக்கு. நல்ல வேகமாப் போற பலகை. எங்கட கடையிலை மேல் தட்டிலை நிக்கிற கறுப்புப் பலகை அவனுக்குச் சரிவருமே?"

அந்தக் கறுப்புப் பலகை போட்டிக்காரர்கள் வாங்குவது. உள்ளே தகடு வைத்து இறுக்கியது, பழகாதவன் காலில் போட்டால் அவன் சொல்வதை அது கேட்காது. "எத்தன வருசமா சறுக்குறாருங்கண்ணே?" என்றேன்.

அவர் இருமினார். "அவனுக்கு ஸ்கீயைப் பற்றி எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சிருக்கும்ங்க. சறுக்கியிருக்காரா?"

பிறகு மெல்ல வந்தது கதை. "அவன்ர மகள் ஒரு சுவிஸ்காரப் பெடியனைக் கட்டப்போறாள். சம்பந்தி வீட்டிலை எல்லாரும் சறுக்கிறவை. வாற ஞாயிறு மலைக்கு வரச்சொல்லி இவனைக் கூப்பிட்டிருக்கினம். வந்த புதுசிலை இவன் வேலை வேலையெண்டு ஓடினவன், பிறகு வயசு போட்டுது. இப்ப போய் ஆரிட்டைக் கேக்கிறது?"

மகளுக்குச் சுவிஸ் மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று போன மாதம் எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னதே அவர்தான். போன் சத்தமாக இருந்ததால் ரேவதிக்கும் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருடமாகப் பலகை விற்று வீடு வாசல் கட்டிய மனிதர் ஒரு நாளும் பலகையில் ஏறியதில்லை. சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பாவமாக இருந்தது.

பயமாகவும் இருந்தது. "சரியா இருக்கும்ண்ணே" என்று சொல்லிவிட்டால் அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். எங்கள் அறையைப் பூட்டுவதும் விடுவதும் அந்த வாய்தான். ஆனால் அந்தப் பலகையில் அவர் நிற்கப்போவதை நினைத்தால் என் முழங்கால்தான் வலித்தது.

"வேணாம்ண்ணே. உங்க சிநேகிதருக்கு அது ஆகாது. நாடி ஒசரத்துக்கு, மெத்துன்னு வளையுற பலகை எடுத்துக்கச் சொல்லுங்க. நாளைக்கே ஒரு மாஸ்டர்கிட்ட நிக்கவும் நிறுத்தவும் பழகிட்டு, ஞாயித்துக்கிழமை சின்னச் சரிவுலயே இருக்கட்டும்."

"அதைக் கண்டால் பழகிற பலகையெண்டு சம்பந்தி வீட்டாருக்குத் தெரிஞ்சு போகும். ஸ்கீக் கடை வச்சிருக்கிறவன்..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன். "மானம் போகும் பிள்ளை," என்றார் பிறகு.

"முட்டி போச்சுன்னா அந்த மானத்த யாருண்ணே மலையில இருந்து தூக்கிட்டு வர்றது?"

ரேவதி எட்டி வந்து போன் பக்கம் குனிந்தாள். "அவரு எடை எவ்வளவுங்க?" எழுபத்திரண்டு என்றார். "உடுப்போடயா, உடுப்பில்லாமலா?" கொஞ்சம் பொறுத்து எண்பத்தொண்டு என்றார். "அப்ப பூட்ட எம்பத்தொண்ணுக்கே முடுக்கச் சொல்லுங்க," என்றாள் ரேவதி. அவர் போனை வைத்துவிட்டார். போய்வாறன் என்றுகூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவர் அழைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. "ஒரு பொய்ய சொல்லி இருக்கலாங்க்கா," என்றாள் ரேவதி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொழும்பில் பிள்ளையோடு தங்க அறை கிடைக்குமா என்று என் வீட்டுக்காரரோடு பேசவும் தொடங்கிவிட்டேன். திங்கட்கிழமை, கடை திறக்கிற நேரத்துக்கு, எங்களுடைய எண்ணுக்கே அழைப்பு வந்தது. குரல் களைத்துப்போய் இருந்தது, ஆனால் கோபமில்லை. "சிநேகிதன் நாள் முழுக்க விழுந்தவன், பிள்ளை. ஒவ்வொரு தரமும் சம்பந்தி அம்மாதான் கை குடுத்துத் தூக்கினவ, கடைசியிலை ரெண்டு குடும்பமும் சேர்ந்திருந்து சிரிச்சது. நீங்கள் சொன்ன அந்தப் பலகையை இனி ஆருக்கும் குடுக்கமாட்டானாம். அறையைப் பூட்டுற கதையை விட்டிட்டு, நீங்கள் வேலையைப் பாருங்கோ."

பனியைக் கண்ணால் காணாத இரண்டு பேரும், பனிக்குள்ளேயே இருந்தும் இப்போதுதான் அதில் சறுக்கிப் பார்த்த ஒருவரும் சேர்ந்து நடத்துகிற கடை இது. இருந்தும் இதுவரை விழுந்தவர்கள் எல்லோரும் முழுசாகத்தான் எழுந்து வந்திருக்கிறார்கள்.